சம்பந்தி சனிக்கிழமை புறப்படுகிறார்

அமரவிளை,
22 நவம்பர் 2025, சனிக்கிழமை.

அன்பு மகள் சுமிக்கு அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே அப்பாவும் தம்பி நிஜினும் நானும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மாப்பிள்ளை பாவெல் கடலில் கரண்டு எடுக்கிற காற்றாடி மாட்டுகிற இடத்தில் பத்திரமாக இருப்பார் என்று நம்புகிறேன். உன் மாமியார் சுகமா என்று மட்டும் உன்னிடம் கேட்கப் போவதில்லை. அது உனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் மாடியில் இருக்கும் உனக்குத் தெரியாதது, அமரவிளையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் மீட்டிங் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் பல்லைக் காட்டுகிற ஒரு மஞ்சள் பொம்மையை அனுப்புவாய். காகிதத்தைக் கட் பண்ண முடியாது. பாறசாலை ஜிபின் திங்கட்கிழமை போலந்துக்கு விமானம் ஏறுகிறான், லூப்ளினில் புதன்கிழமை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாசித்து முடிக்கிறவரை எழுந்திருக்காதே.

முதலில் வீட்டு விசேஷத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் மறந்துபோவேன். அப்பாவுக்கு சுகர் கூடித்தான் இருக்கிறது. அம்பூரியில் ரப்பரைப் பார்க்கப் போகிறேன் என்று ஒன்றுவிட்டு ஒரு நாள் பஸ் ஏறுகிறார், இந்த மழையில் பால்வெட்டு எங்கே நடக்கிறது, பஸ் ஸ்டாண்டில் பழம்பொரி தின்னத்தான் போகிறார். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை இருந்தால் தையல்காரிக்குத் தெரியாதா. நிஜின் பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பஞ்சாயத்து எலக்ஷன் ஜீப்புக்குப் பின்னால் போகிறான், காலையில் தொடங்கினால் மைக் சத்தத்தில் என் மெஷின் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்கு நம் வீட்டுச் செந்துளுவன் வாழைக்குலை ஒன்று கொடுத்தோம். கிறிஸ்மஸ் தையல் குவிந்து கிடக்கிறது. விசேஷம் இவ்வளவுதான்.

வியாழக்கிழமை நீ போனில் பேசியதை நான் மறக்கவில்லை. மாமியார் என்ன செய்கிறார் என்று கேட்டேன். “அவிய கிறிஸ்மஸுக்கு அக்கா வீட்டுக்குப் போறாவ போல, பாவெல் சொன்னாரு, நல்லதாச்சு, கொஞ்ச நாள் வீடு ஃப்ரீயா இருக்கும்” என்று சிரித்தாய். நான் அவரிடம் நேரில் கேட்டாயா என்றதற்கு, எனக்கு எங்கே போலிஷ் தெரியும் என்றாய். ஐந்து வருஷமாக அங்கே இருக்கிறாயே, ஒரு கிளாஸுக்குப் போய்ப் படித்தால் என்ன என்றேன். “என்னத்துக்கும்மா? ஆபீஸ்ல முழுக்க இங்கிலீஷு, பாவெலுக்கு இங்கிலீஷ் தெரியும், கடையில கார்டைக் காட்டினாப் போதும், இன்னும் ரெண்டு வருஷத்துல கானடாக்குப் போயிருவோம், அந்தக் கொடூரமான பாஷையப் படிச்சு என்ன பிரயோஜனம், ஒரு காரணம் சொல்லு பாப்போம்” என்றாய். ஒரு காரணம் சொல்லு! அப்போது அப்பா பக்கத்தில் இருந்தார், உனக்கு இந்த நேரத்தில் வெப்ராளமும் மனக்கலக்கமும் வரக்கூடாது, பைய பேசு பைய பேசு என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் அம்பூரிக்குப் போயிருக்கிறார். காரணம் சொல்கிறேன், கேள்.

உன் மாமியார் தனூத்தா அக்கா கிறிஸ்மஸுக்குப் போகவில்லை. ஒரேயடியாகப் போகிறார். வருகிற இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, அவருடைய அக்காவின் மகன் கார் கொண்டுவருகிறான். கீழ்த்தளத்து முறியில் இருக்கும் அவருடைய கட்டிலும் அலமாரியும் பிறகு வேனில் போகும். அது அவருடைய வீடு, சுமி. அவரும் அவருடைய புருஷனும் கட்டிய வீடு, புருஷன் செத்ததும் அந்த வீட்டில்தான். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சூப்பு காய்ச்சிய பொம்பளை, தன் மகனுடைய பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில் தன் சொந்த வீட்டை விட்டுக் கிளம்புகிறார், ஏன் என்று கேட்டால் மருமகளுக்குத் தன்னைக் கண்டால் பிடிக்கவில்லை என்கிறார். நீ அவரை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, அது எனக்குத் தெரியும். நல்ல வார்த்தையும் சொன்னதில்லை. ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உன்னை மட்டும் திட்டினால் கடவுளுக்கு அடுக்காது. உங்கள் கல்யாணம் அங்கே நடந்த பிறகு இங்கே சபையில் ஆசீர்வாத ஆராதனை வைத்தோமே, அப்போது அவர் பன்னிரண்டு நாள் நம் வீட்டில் இருந்தார். நீயும் பாவெலும் கோவளம், மூணாறு என்று சுற்றினீர்கள். அவர் எங்கேயும் வரவில்லை, என் கடையில் ஃபேனுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பிளவுஸுக்கு ஹூக் வைத்தார். என்ன கை! என்னிடம் எட்டு வருஷமாக வேலை செய்கிறவளுக்கு அந்தச் சுத்தம் வராது. அவர் போலிஷில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வைத்தேன், மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுகத் தின்றார். போகிற அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், நானும் அழுதேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவர் கோயிலுக்குப் போய்வந்ததும், நமக்குச் சாயங்காலம் நாலரை மணி இருக்கும், எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். நான் தமிழில் பதில் அனுப்புவேன். ஏறக்குறைய இரண்டு வருஷமாக இது நடக்கிறது.

நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். நான் களியக்காவிளையிலிருந்து கல்யாணம் பண்ணி வந்தவள், இங்கே மலையாளம் என்று ஒன்றை நான் உட்கார்ந்து படித்ததே இல்லை. கடைக்கு வருகிறவள் மலையாளத்தில் கை இறக்கம் சொல்வாள், நான் தமிழில் சரி என்பேன், பிளவுஸ் அளவு பிசகாது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு பாஷையில் ஏசுவான், நாம் வேறொரு பாஷையில் திருப்பி ஏசுவோம், இரண்டு பேருக்கும் முழுக்க மனசிலாகும். அவரவர் பாஷையில் பேசினால் போதும், மற்றது தானாக வந்துவிடும் என்றுதான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். அந்த எண்ணத்தில்தான் நான் போலந்துக்காரியிடமும் பேசினேன். நிஜின் இரண்டு தடவை சொன்னான், “அம்மா, போன்ல போட்டா தமிழ்ல எழுதிக் காட்டும், தா” என்று. “போ எலே, எங்களுக்கு அதொண்ணும் வேண்டாம், சம்பந்தி சொல்லுதது எனக்குக் குரலிலயே தெரியும்” என்று அவனை விரட்டினேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி வேறு சொன்னேன், பாஷை இல்லாமலே அன்பினால் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று. எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

செங்கல் ஊரில் ஷிஜி என்று ஒரு பெண் உண்டு, உன்னைவிட மூன்று வயது மூப்பு, சண்டே ஸ்கூலில் உன்னோடு பாட்டுக்கு நின்றவள். போலந்தில் ஒரு காளான் பண்ணையில் ஏழு வருஷம் வேலை செய்தாள், அவளுடைய அப்பா கிணற்றங்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததனால் ஓணம் கழிந்து திரும்பி வந்தாள். அக்டோபர் கடைசியில் சுடிதார் பிடிக்கக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். என் பெருமையைக் காட்ட வேண்டுமே எனக்கு, எங்கள் சம்பந்தி பேசுவதைக் கேளு என்று கடைசியாக வந்த மெசேஜைப் போட்டேன். ஷிஜி முகம் மாறிப்போயிற்று. “மாமி, இத நிறுத்துங்க. இவிய அழுதோண்டாக்கும் பேசுதாவ” என்றாள். “சளியாக்கும் பிள்ள, அங்க ஒரே குளிருல்லா” என்றேன். “சளி இல்ல மாமி, நீங்க முதல்ல இருந்து எல்லாத்தையும் போடுங்க” என்றாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இரண்டு நாள் மத்தியானம் பிடித்தது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள், நான் கையில் இருந்த துணியை மடித்து மடித்து ஒரு கைக்குட்டை அளவுக்கு ஆக்கிவிட்டேன்.

முதல் சில மாசம் ஒன்றும் இல்லை, சாளைக் குழம்பு எப்படி வைப்பது, சுமி என் சூப்பைத் தொடமாட்டேன் என்கிறாளே, உப்பு குறைவா, புளிப்பு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா, அப்பாவுக்குப் பல் பிடுங்கின கதை. அடுத்து ஒரு மெசேஜில், மாடியில் நீ போனில் சிரிக்கிற சத்தம் கேட்டால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கிறதாம், புருஷன் போன பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லையாம், ஆனால் தான் அடுக்களைக்குள் வந்தால் நீ உடனே பேச்சை நிறுத்திவிட்டு மாடிக்குப் போகிறாயாம், அதனால் நீ கீழே இருக்கிற நேரம் தான் முறியை விட்டு வெளியே வருவதில்லையாம். இன்னொன்றில் சொன்னதை ஷிஜி சொன்னபடியே எழுதுகிறேன். “காலம்பற படியில ஒரு கப் சாயா வைக்கேன், பிள்ள அத எடுத்துக் குடிச்சிட்டு கப்பைக் கழுவிக் கவுத்தி வைக்குது, எங்களுக்குள்ள உள்ள பேச்சு அம்புடுதான்.” இதைக் கேட்டதும் நான் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்னும் கேள். அறுபத்தாறு வயதில் அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டை வாங்கி முப்பது இங்கிலீஷ் வார்த்தை எழுதிப் படித்திருக்கிறார். ஒரு வாரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் நீ ஆபீஸுக்கு இறங்கி வரும்போது படிக்குக் கீழே நின்று, ராத்திரி நல்லா உறங்கினாயா என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். நீ காதில் போன் பேசுகிற அந்தக் குமிழை மாட்டிக்கொண்டு “யெஸ் யெஸ்” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து போயிருக்கிறாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அவருக்கு இருக்கிறது. அவர் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ கர்ப்பமாக இருப்பது உன் ஆபீஸ் பெண்கள் கேக் வெட்டிக் கொண்டாடின பிறகு, பாவெல் கடலிலிருந்து போன் பண்ணித்தான் அவருக்குத் தெரிந்தது. தலைக்கு மேலே நடமாடுகிற மருமகளின் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதை டென்மார்க் கடலிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது என்ன வீடு? நான் உன்னை இப்படியா வளர்த்தேன், சவமே? எழுதின பிறகு இந்த வார்த்தையை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

இனி என்னுடைய குற்றம். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு அவர் நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினார். அதில் அவர் என்னிடம் கேட்டது இது. குழந்தை வரும் முன்னே நான் அக்காள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன், இளம்பெண்ணுக்கு வீட்டில் ஒரு கிழவி இடைஞ்சல், நீ அவளைப் பெற்றவள், அவள் மனசு உனக்குத்தான் தெரியும், நான் போனால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்குமா, மறைக்காமல் சொல்லு பிரேமா. அன்றைக்கு எனக்கு என்னமோ நல்ல உற்சாகம், மழை விட்டிருந்தது, கல்யாணத் தையல் ஒன்று முடித்திருந்தேன். நான் அனுப்பின பதிலையும் ஷிஜியோடு உட்கார்ந்து கேட்டேன். நாலு நிமிஷம். “சரியாக்கும் சம்பந்தி, ரொம்ப சரி, சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்” என்று தொடங்கி, இடையில் அப்பா செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அவர் அனுப்பினதைத்தான் ஷிஜி முதலில் கேட்டது. “உன் குரலிலயே எனக்குத் தெரிஞ்சிட்டு பிரேமா, நீயும் சரின்னு சொல்லுத, நேராச் சொன்னதுக்கு நன்றி, நான் போறேன்.” அழுதுகொண்டே எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார். நானாக்கும் அவரைப் போகச் சொன்னவள். உன்னிடம் கோபப்படுகிறேன் என்று நினைக்காதே, என்னிடம் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதிகூட உன்னிடம் இல்லை.

அப்போதே ஷிஜியை வைத்து ஒழுங்கான போலிஷில் எல்லாவற்றையும் விளக்கி ஒரு மெசேஜ் அனுப்பினோம். எனக்கு நீங்கள் பேசினது ஒன்றும் விளங்கவில்லை, விவரம் கெட்டவள் போலச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள், தயவுசெய்து போகாதீர்கள் என்று. மறுநாளே பதில் வந்தது. மன்னிக்க ஒன்றும் இல்லை, உன் சிரிப்பைக் கேட்டுத்தான் நானும் பல ஞாயிறு சிரித்தேன் என்று சொல்லிவிட்டு, “நீ நல்லவ பிரேமா, ஆனா நான் இருக்கணும்னு சொல்லுதது நீயாக்கும், அந்தப் பிள்ள சொல்லல்ல” என்றார். உன்னைத் திட்டக்கூடாது, உன்னிடம் சொல்லவும் கூடாது, வயிற்றுப்பிள்ளைக்காரி கலங்கக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டார். அதனால்தான் ஒரு மாசமாக நான் உன்னிடம் சுற்றி வளைத்து, மாமியாரிடம் பேசு, கீழே போய்ச் சாப்பிடு என்று மட்டும் சொன்னேன். நீ சரிம்மா சரிம்மா என்றாய். போன ஞாயிறு வந்த மெசேஜில் சனிக்கிழமை என்று தேதி சொல்லிவிட்டார். இனி நான் அந்த வாக்கைக் காப்பாற்றப் போவதில்லை, அவர் என்னை வைதாலும் சரி.

நீ கேட்ட காரணத்துக்கு வருகிறேன். ஜனவரி நடுவில் உனக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பாவெல் டிசம்பர் இருபதுக்கு வந்து, ஜனவரி ஐந்துக்குத் திரும்பக் கடலுக்குப் போகிறார், லீவை மாற்றக் கேட்டிருக்கிறார், கிடைக்குமா என்று அவருக்கே தெரியாது. நான் விசாவுக்குக் காகிதம் எல்லாம் கொடுத்தாயிற்று, எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நம் வீட்டில் என்றால் ஏழாம் மாசம் உன்னைக் கூட்டிவந்து நம் கட்டிலில் கிடத்தியிருப்பேன். அங்கே பனியில், ஊருக்கு வெளியே, தனி வீட்டில் வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவாய்? ஆபீஸிலா? ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியும் என்கிறாய், இருக்கட்டும், ராவும் பகலும் உன் பக்கத்தில் நிற்கிறது டாக்டரா? படுக்கையை மாற்றுகிறவள், முதுகைத் தடவுகிறவள், இப்போது முக்காதே பிறகு முக்கு என்று சொல்கிறவள் எல்லாம் என்ன பாஷையில் சொல்வாள்? ஷிஜி அங்கே பண்ணையில் கூட இருந்த ஒரு கூட்டுக்காரியின் பிரசவத்துக்குத் துணை நின்றவள், அவள் சொன்னதை எழுதினால் நீ பயப்படுவாய், எழுதவில்லை. போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறது என்று சொல்லாதே. வலியில் கிடக்கிறவள் போனைத் தேடுவாளா. மாமியாரிடம்கூட நீ இரண்டு தடவை போனை நீட்டிப் பேசியிருக்கிறாய், கேஸ்காரன் வருவான் என்று சொல்ல. அவர் அதையும் என்னிடம் சொன்னார், பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தது என்று.

பிள்ளை பிறந்த பிறகு? அது பாவெலோடும் பக்கத்து வீட்டோடும் பள்ளிக்கூடத்தோடும் போலிஷில்தான் பேசும். நீ உன் சொந்தச் சாப்பாட்டு மேசையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, என்ன சொன்னாய் என்ன சொன்னாய் என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்பாய். கானடாவுக்குப் போகிறவள் என்றாலும், விட்டுப் போகிற வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போக ஒரு வார்த்தை வேண்டாமா? இந்த ஐந்து வருஷத்தில் வணக்கம், நன்றி, போதும், எவ்வளவு என்று நாலு வார்த்தை கற்றிருக்கிறாய். நாலும் கடைக்காரனிடம் சொல்லுகிற வார்த்தை. நான் இங்கே நாலு வாரமாகச் செவ்வாயும் வெள்ளியும் ஷிஜியிடம் படிக்கிறேன், சிரிக்காதே. கஷ்டம்தான், நாலு குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது, அப்பா அடுத்த முறிக்குப் போய்விடுகிறார். ஐம்பத்தெட்டு வயது, எட்டாம் கிளாஸ் படிப்பு, தையல் மெஷினில் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் படிக்கிறேன். நீ எம்.பி.ஏ.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புதன்கிழமை இது உன் கையில் வரும். வியாழன், வெள்ளி இரண்டு நாள் உண்டு. பாவெலை விட்டுச் சொல்ல வைக்காதே, போனை நீட்டாதே, சீட்டு எழுதி வைக்காதே. கீழே இறங்கிப் போ, அவருடைய அடுக்களையில் உட்காரு, அவர் என்ன தந்தாலும் சாப்பிடு, போகாதீர்கள், எனக்கு நீங்கள் வேண்டும் என்று உன் வாயால் அவருடைய பாஷையில் சொல்லு. தப்புத் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அவர் தப்புக் கண்டுபிடிக்க உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வாக்கியத்தை ஷிஜி அழகாகத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள், இந்தக் கடிதத்துக்குள் வைக்கத்தான் வாங்கினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். நான் எழுதி அனுப்பினால் அது திரும்பவும் நான் சொன்னதாகத்தான் இருக்கும். நீ கடைக்குப் போய்க் கேளு, ஆபீஸில் காப்பி போடுகிற பெண்ணிடம் கேளு, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளிடம் கேளு. கேட்கிறதுக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். எனக்குச் சங்கத்தில் எழுந்து நின்று அந்தச் சாட்சியைத் திருப்பி எடுக்க வெட்கமாகத்தான் இருந்தது, எடுத்தேன்.

ஜிபின் கையில் முந்திரிக்கொத்து, சாளைக் கருவாடு, மிளகுபொடி, பிள்ளைக்கு மெல்லிய துணியில் நான் தைத்த ஆறு சட்டை, உனக்கு இரண்டு நைட்டி கொடுத்திருக்கிறேன். நீல உறையில் இருக்கும் கம்பளிக் கோட்டு தனூத்தா அக்காவுக்கு, அவருடைய அளவு என் நோட்டில் உண்டு, அதை நீ எடுத்துவைத்துக்கொள்ளாதே. இரும்புச் சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்காதே, படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், காதில் ஒன்றும் மாட்டாதே. அப்பா உன்னை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னார், இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுக்கனியையும் அந்த வீட்டில் இருக்கும் எல்லாரையும் ஒன்றாகக் காப்பாராக, சுகப்பிரசவம் தருவாராக. நீ பெற்ற பிள்ளையை மடியில் வாங்க அந்த வீட்டில் ஒரு அம்மா இருக்க வேண்டும், அது நானாக இல்லாவிட்டாலும்.

நீ எனக்குப் போன் பண்ணிச் சொன்னேன் அம்மா, சொல்லிவிட்டேன் அம்மா என்று ஒன்றும் அளக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு அவர் எந்த வீட்டிலிருந்தாவது எனக்குப் பேசுவார். இப்போது அவர் சொல்வது எனக்கு விளங்கும்.

உன் அம்மா,
பிரேமகுமாரி ராபின்சன்